மோட்டார் யந்திரமும் மூடிய பெட்டியும்

பெட்ரோல் விலை ஏறினால் அதைப் பற்றிப் பேசாத வீடு நம் நாட்டில் இல்லை. லிட்டருக்கு ஒரு ரூபாய் கூடினாலும் சட்டசபையில் கேள்வி கிளம்புகிறது. காபி ஹோட்டலில் வாதம் நடக்கிறது. ஆனால், விலை கொடுத்து வாங்கிய பெட்ரோல் யந்திரத்துக்குள் சென்ற பின்னர், அதில் எவ்வளவு பாகம் சக்கரத்தைச் சுழற்றுகிறது, எவ்வளவு பாகம் வெறும் உஷ்ணமாகப் புகைக்குழாய் வழியே போய்விடுகிறது என்று விசாரிப்போர் மிகச் சிலரே. அந்தக் கணக்கைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவற்றுள் ஒன்று, பெட்ரோலின் மேல் நெருப்புப் பொறி விழும் நேரம். முற்காலத்தில் அந்நேரத்தை டிரைவரும் மெக்கானிக்கும் தங்கள் கையாலும் காதாலும் நிர்ணயித்து வந்தனர். இப்பொழுது அதை நிர்ணயிப்பது உள்ளங்கையைவிடச் சற்றே பெரிதான ஓர் உலோகப் பெட்டி. அப்பெட்டி தன் வேலையை மனிதனைவிடப் பன்மடங்கு நன்றாகச் செய்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். நாம் ஆட்சேபிப்பது அதன் மூடியை.

யந்திரத்தின் உள்ளே நடப்பது யாதெனப் பார்ப்போம். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே ஏறும்போது பெட்ரோல் ஆவியும் காற்றும் சேர்ந்த கலவை நசுக்கப்பட்டு, இருந்த இடத்தில் பத்தில் ஒரு பங்குக்கோ அதற்கும் குறைவாகவோ ஒடுங்குகிறது. அத்தருணத்தில் பிளக்கின் நுனியில் ஒரு பொறி தெறிக்கிறது. கலவை உடனே வெடிப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது வெடிப்பதில்லை, எரிகிறது. வைக்கோற்போரின் ஓரத்தில் வைத்த தீ மறுபுறம் போய்ச் சேரச் சிறிது நேரம் பிடிப்பது போல, பிளக்கின் அருகில் பற்றிய தீயும் சிலிண்டர் முழுவதும் பரவ நேரம் வேண்டும். அந்த நேரம் வினாடியின் ஆயிரத்தில் சில பங்குகளே. எனினும் அதற்குள் பிஸ்டன் சும்மா இருப்பதில்லை. நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுழலும் யந்திரத்தில், வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு கழிவதற்குள் கிராங்க் அச்சு 18 டிகிரி திரும்பிவிடும்.

ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு தீ வைப்போம் என்று காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். ஊஞ்சலைத் தள்ளுவோர் இதை அறிவர். ஊஞ்சல் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும்போது தள்ளினால் கைதான் நோகும். வெகுதூரம் போன பின் தள்ளினால் கைக்கு அது எட்டாது. உச்சிக்கு வந்து திரும்புகிற க்ஷணத்தில் தள்ளினாலே பலன் உண்டு. சிலிண்டரில் அழுத்தம் உச்ச நிலையை அடைய வேண்டியது, பிஸ்டன் மேல்முனையைக் கடந்து ஏறக்குறைய 10 முதல் 15 டிகிரி வரை திரும்பிய சமயத்தில். அதற்கு ஏற்றவாறு பொறியை முன்கூட்டியே விட வேண்டும். எவ்வளவு முன்கூட்டி என்பதில்தான் சிரமமெல்லாம் இருக்கிறது. வண்டி நின்றபடி யந்திரம் மெல்ல ஓடும்போது சுமார் 10 டிகிரி போதும். சமவெளியில் இலேசான பாரத்துடன் ஓடும்போது 30 டிகிரிக்கு மேலும் தேவைப்படும். ஏனெனில் அப்பொழுது சிலிண்டருக்குள் செல்லும் கலவை அடர்த்தி குறைந்தது, தீ அதில் மெதுவாகவே பரவும். மேட்டில் ஏறும்போது கலவை நெருக்கமாகிறது, தீ விரைந்து ஓடுகிறது. அப்போது பொறியைப் பிந்தவிட வேண்டும். வேகம் கூடக் கூட முன்கூட்டும் அளவும் கூட வேண்டும். ஆயினும் அதே விகிதத்தில் அன்று, ஏனெனில் வேகத்தால் உண்டாகும் சுழிக்காற்று தீயையும் விரட்டிவிடுகிறது.

நேரம் பிந்தினால் நேரும் நஷ்டம் ஓசையற்றது. உஷ்ணம் வேலை செய்யாமலே வெளியேறும். வண்டியில் இழுவை குறையும். இரண்டொரு டிகிரி பிந்தினால் வித்தியாசம் தெரியாது. பத்து டிகிரி பிந்தினால் நூற்றுக்கு ஐந்து பங்கு போல் சக்தி வீணாகும். நேரம் முந்தினாலோ கேடு வேறு விதம். தீ பரவி வருமுன்பே, அதன் முன்னால் நசுங்கிக் கொதிக்கும் மிச்சக் கலவை தானாகவே ஒருங்கே பற்றிக்கொள்ளும். சுத்தியலால் அடிப்பது போன்ற ‘டக் டக்’ என்ற ஓசை எழும். மெக்கானிக்குகள் இதைத்தான் ‘என்ஜின் தட்டுகிறது’ என்கின்றனர். தட்டுதல் நீடித்தால் பிஸ்டனின் தலையே துளைபட்டுப் போகும். துரதிருஷ்டவசமாக, பாரம் மிகுந்த வேளையில் சக்தி அதிகம் கிடைக்கும் நேரமும் தட்டுதல் தொடங்கும் நேரமும் அடுத்தடுத்த வீடுகளாக இருக்கின்றன.

1908-ல் வெளிவந்த ஃபோர்டு ‘டி’ மாடல் காரில் ஸ்டீரிங் சக்கரத்தின் இடப்புறம் ஒரு சிறு நெம்புகோல் இருந்தது. பொறியின் நேரத்தை டிரைவரே அதனால் முன்பின்னாக நகர்த்த வேண்டும். அதைப் பின்தள்ள மறந்து கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்பியவர்களின் மணிக்கட்டை யந்திரம் திருப்பி உதைத்து முறித்ததும் உண்டு. பின்னர் அவ்வேலையை டிஸ்ட்ரிபூட்டர் ஏற்றது. அதனுள் வேகத்துக்கேற்ப விரியும் இரு சிறு எடைகள். பாரத்துக்கேற்ப இழுபடும் ஒரு மெல்லிய தோல். இரண்டும் சேர்ந்து நேரத்தைத் திருத்தின. நம் நாட்டு அம்பாஸடரும் பத்மினியும் பல்லாண்டு ஓடியது இவ்வமைப்பினால்தான். நல்ல மெக்கானிக் டிஸ்ட்ரிபூட்டரின் பிடியைத் தளர்த்தி, நூலளவு திருப்பி, வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்ப்பார். டாப் கியரில் அழுத்தும்போது யந்திரம் இலேசாகத் தட்டினால் ஒரு மயிரிழை பின்வாங்கி முடுக்கிவிடுவார். அவருக்குப் பாடம் சொன்னது அவருடைய காது. ஆனால் ஸ்பிரிங் தளர்ந்தாலும், பாயிண்ட் தேய்ந்தாலும், அவர் வைத்த நேரம் சில ஆயிரம் மைல்களில் மாறிவிடும். இதையும் மறைக்க வேண்டியதில்லை.

தட்டுதலுக்கு அமெரிக்கர் கண்ட முதல் மருந்து, மோட்டார்த் தொழிலின் சரித்திரத்தில் ஓர் அழியாத கறை. பாட்டரியிலிருந்து பொறி எடுக்கும் முறையைக் கார்களில் பரப்பிய சார்லஸ் கெட்டரிங் என்பவரின் ஆராய்ச்சிசாலையில், தாமஸ் மிட்ஜ்லி 1921-ல் ஈயச் சத்து ஒன்றைப் பெட்ரோலில் கலந்து தட்டுதலை அடக்கினார். 1923-ல் அது விற்பனைக்கு வந்தது. மறு வருஷமே நியூஜெர்ஸியில் அதைத் தயாரித்த இடத்தில் தொழிலாளர் ஐவர் ஈய விஷத்தால் மதிமயங்கி மாண்டனர். அதன் பிறகும் அரை நூற்றாண்டு உலகத்து வீதிகளிலெல்லாம் ஈயப் புகை கலந்தது. குழந்தைகளின் மூளையை அது பாதித்தது. நம் நாட்டில் சென்னை உள்ளிட்ட நான்கு மாநகரங்களில் 1995-லும், தேசமெங்கும் 2000-லும் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி தேசமான அல்ஜீரியா அதை நிறுத்தியது 2021-ல். யந்திரம் தட்டுவதைக் கேட்டு நேரத்தைத் திருத்தும் சாதனம் அன்று இருந்திருந்தால், அந்த விஷத்தின் தேவை எவ்வளவோ குறைந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அச்சாதனத்துக்கு வழி திறந்தது சட்டம். 1970-ல் அமெரிக்கா புகையைக் கட்டுப்படுத்தும் கடுமையான சட்டம் இயற்றியது. ஸ்பிரிங்கும் எடையும் அந்தக் கணக்குக்கு ஈடுகொடுக்கவில்லை. 1976-ல் கிரைஸ்லர் கம்பெனி பொறியின் நேரத்தை மின்னணுச் சாதனத்தால் கணிக்கத் தொடங்கியது. 1977-ல் ஓல்ட்ஸ்மொபீல் டோரனாடோ காரில் நுண்கணிப்பொறி ஒன்று அவ்வேலையில் அமர்ந்தது. 1979-ல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி, பெட்ரோல் பீச்சுவதையும் பொறி விடுவதையும் ஒரே பெட்டியில் ஒப்படைத்து, பி.எம்.டபிள்யூ. காரில் பொருத்தியது. நம் நாட்டிலும் கதை வேறன்று. தில்லியின் புகையைக் கண்டு 1999-ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகே இப்பெட்டிகள் சிறிய கார்களுக்குள்ளும் விரைந்து நுழைந்தன. 2020 ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் ஆறாம் விதியால் மோட்டார் சைக்கிளுக்குள்ளும் வந்துவிட்டன.

பெட்டி எவ்வாறு வேலை செய்கிறது? கிராங்க் அச்சோடு சுழலும் ஒரு பற்சக்கரத்தை உணர்கருவி ஒன்று ஓயாது பார்த்துக்கொண்டிருக்கிறது. பல கார்களில் அச்சக்கரத்தில் 60 பற்களுக்கு இடம் உண்டு. ஆனால் 58 பற்களே இருக்கும். பல்லில்லாத இடைவெளி கடந்து செல்லும்போதெல்லாம் அச்சு எங்கே நிற்கிறது என்று பெட்டிக்குத் தெரியும். ஒவ்வொரு பல்லும் 6 டிகிரி. பற்கள் கடக்கும் விரைவிலிருந்து வேகம் தெரிகிறது. உள்ளே செல்லும் காற்றின் அளவைக்கொண்டு பாரம் தெரிகிறது. பிறகு பெட்டி தன் நினைவிலுள்ள அட்டவணையைப் புரட்டுகிறது. புரோகிதர் பஞ்சாங்கத்தில் திதியையும் நக்ஷத்திரத்தையும் வைத்து முகூர்த்தம் பார்ப்பது போலத்தான். வேகத்துக்குப் பதினாறு வரிசை, பாரத்துக்குப் பதினாறு வரிசை என்று வைத்துக்கொண்டால், 256 கட்டங்களில் 256 எண்கள். ஒவ்வொன்றும் மேல்முனைக்கு எத்தனை டிகிரி முன்னே பொறி விழ வேண்டும் என்று சொல்லும். இரு கட்டங்களுக்கு நடுவே யந்திரம் நின்றால் இடைப்பட்ட எண்ணைப் பெட்டி தானே கணித்துக்கொள்ளும். தண்ணீரின் உஷ்ணம், காற்றின் உஷ்ணம் ஆகியவற்றுக்கேற்ப அந்த எண்ணில் கூட்டல் கழித்தல் நடக்கும்.

இவ்வளவோடும் முடியவில்லை. 12 வோல்ட் பாட்டரியிலிருந்து பல ஆயிரம் வோல்ட் பொறியை எழுப்பும் காயில், மின்சாரத்தால் நிரம்ப வினாடியின் ஆயிரத்தில் மூன்று பங்கு போல் பிடிக்கும். பாட்டரி சோர்ந்திருந்தால் இன்னும் கூடுதலாகும். ஆதலால் பொறி விழ வேண்டிய க்ஷணத்திலிருந்து பின்னோக்கிக் கணித்து, காயிலை எப்பொழுது நிரப்பத் தொடங்குவது என்பதையும் பெட்டி முடிவு செய்கிறது. நிமிஷத்துக்கு 6,000 சுற்றுச் சுழலும் நான்கு சிலிண்டர் யந்திரத்தில் வினாடிக்கு 200 பொறிகள். ஒரு டிகிரி என்பது அப்பொழுது வினாடியின் முப்பத்தாறாயிரத்தில் ஒரு பங்கு.

இனி அதன் காதைப் பற்றிக் கூற வேண்டும். யந்திரத்தின் இரும்புடலில் திருகிய ஒரு சிறு கருவிக்குள், அதிர்ந்தால் மின்சாரம் பிறப்பிக்கும் வில்லை ஒன்று இருக்கிறது. இந்தக் குணத்தைப் பிரான்ஸ் தேசத்துக் கியூரி சகோதரர்கள் 1880-லேயே படிகங்களில் கண்டனர். தட்டுதலின் ஓசை, சாதாரணக் கார்களில் வினாடிக்கு ஏறக்குறைய 6,000 அல்லது 7,000 அதிர்வுகள் கொண்டது. யந்திரத்தில் வேறு எத்தனையோ இரைச்சல்கள் இருப்பினும், எந்த டிகிரியில் தட்டுதல் நேரக்கூடுமோ அந்தச் சிறு இடைவெளியில் மட்டுமே பெட்டி உற்றுக் கேட்கிறது. கேட்டதும் எந்தச் சிலிண்டர் தட்டியது என்றும் தெரிந்துகொள்கிறது. அதற்குரிய பொறியை உடனே இரண்டு மூன்று டிகிரி பிந்தவிடுகிறது. ஓசை அடங்கியதும் சிறுகச் சிறுக மறுபடி முன்னேறிப் பார்க்கிறது. டாப் கியரில் ஓட்டிப் பார்த்து மயிரிழை பின்வாங்கிய பழைய மெக்கானிக்கின் வித்தை இதுவே. அவர் வருஷத்துக்கு இரண்டு முறை செய்ததைப் பெட்டி ஒவ்வொரு சுற்றிலும் செய்கிறது.

காலையில் குளிர்ந்த யந்திரத்தைக் கிளப்பியதும் இதே பெட்டி வேண்டுமென்றே பொறியைப் பிந்தவிடுவதும் உண்டு. வீணாகும் உஷ்ணத்தால் புகைக்குழாயிலுள்ள சுத்திகரிப்புச் சாதனம் விரைவில் சூடேற வேண்டும் என்பதே நோக்கம். ஊராரின் மூச்சுக்காகச் சில துளிப் பெட்ரோலைச் செலவழிக்கிறது. இதில் நமக்கு ஆட்சேபமில்லை.

ஆனால் இப்பெட்டியின் திறமையிலேயே ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. முன்பு மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலைப் போட்டால் அடுத்த மேட்டிலேயே யந்திரம் தட்டி, ‘மோசம் போனாய்’ என்று சொந்தக்காரருக்குச் சொல்லிவிடும். மறுநாள் அவர் அந்தப் பங்க் பக்கம் போகமாட்டார். இன்று அதே பெட்ரோலைப் போட்டால் பெட்டி ஓசையைக் காதில் வாங்கி, பொறியைப் பின்தள்ளி, யந்திரத்தைக் காப்பாற்றிவிடுகிறது. சத்தமில்லை, சிவப்பு விளக்கில்லை. இழுவை மட்டும் சற்றுக் குறைகிறது. மைலேஜ் சற்றுத் தேய்கிறது. யந்திரம் பிழைத்தது, பணப்பை இளைத்தது. கலப்படக்காரன் தப்பினான். சிலிண்டருக்குள் கரி படிந்து தட்டினாலும் இதே மௌனந்தான்.

எத்தனால் கலந்த பெட்ரோலின் விஷயமும் இதனோடு சேர்ந்தது. நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோலை இந்தியா 2023 பிப்ரவரியில் விற்கத் தொடங்கியது. எத்தனாலுக்குத் தட்டுதலைத் தாங்கும் குணம் அதிகம். ஆனால் லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே உண்டு. தட்டாத எரிபொருள் என்பதால் பாரம் மிகுந்த வேளையில் பொறியை முன்னே தள்ளலாம். அதனால் இழந்த சக்தியில் ஒரு பகுதியை மீட்கலாம். மீட்பதற்கு அட்டவணையில் இடம் வேண்டும். பழைய பெட்ரோலுக்கென்று எழுதிய அட்டவணை, குறித்த எண்ணுக்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்காது. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கை, கலப்பில்லாத பெட்ரோலுக்கென்று அமைந்து 10 பங்கு எத்தனாலுக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீத நஷ்டமும், 20 பங்குக்கென்றே சரிசெய்யப்பட்டவற்றில் 1 முதல் 2 சதவீத நஷ்டமும் நேரும் என மதிப்பிட்டது. அவ்வித்தியாசத்தில் யந்திர உறுப்புக்களுக்குப் பங்குண்டு. அட்டவணையின் எண்களுக்கும் பங்குண்டு. தம் காரில் எவ்வகை அட்டவணை இருக்கிறது என்று சொந்தக்காரர் எங்கே போய்க் கேட்பது?

பெட்டியைத் திறந்துவைத்தால் கண்டவரெல்லாம் எண்களை மாற்றி, ஊரைப் புகையில் ஆழ்த்திவிடுவார்கள் என்று கம்பெனிகள் சொல்கின்றன. இதில் நியாயம் இருக்கிறது. அட்டவணையை இஷ்டம்போல் திருத்த யாவருக்கும் உரிமை வேண்டும் என்று நாமும் கேட்கவில்லை. ஆனால் மூடிய பெட்டி ஊரின் சுகாதாரத்துக்குக் காவல் என்ற வாதம் 2015 செப்டம்பரில் பலமிழந்துவிட்டது. ஃபோக்ஸ்வாகன் கம்பெனியின் டீஸல் கார்களில், பரீக்ஷை நடக்கும்போது மட்டும் யோக்கியமாக நடந்து சாலையில் பன்மடங்கு நச்சுப்புகை விடும்படி பெட்டிக்குள் எழுதிவைத்திருந்தது அம்மாதம் அம்பலமாயிற்று. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லக்ஷம் கார்கள். டீஸல் யந்திரத்துக்குப் பொறி கிடையாது. பெட்டி இதே ஜாதிதான். திருத்தியவன் தெருவோர மெக்கானிக் அல்லன்.

நம் நாட்டின் அநுபவமும் சிறிதன்று. வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரி சாமான்களும் பெட்டியைப் பரிசோதிக்கும் கருவிகளும் கிடைக்காதபடி தடுத்ததாக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-ல் 14 கார்க் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அவற்றை வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்யும்படியும் உத்தரவிட்டது. கம்பெனிகள் அபராதத்தை எதிர்த்து வழக்காடின. மெக்கானிக்கின் காதைப் பெட்டி வாங்கிக்கொண்டது சரி. அதற்கு ஈடாகக் கண்ணையாவது கொடுக்க வேண்டாமா? தலைமுறை தலைமுறையாய்ப் பட்டறையில் வளர்ந்த ஒரு தொழில், ஒரு வயர் செருகும் துவாரத்தின் முன் கைகட்டி நிற்பது நியாயமாகாது.

அத்துவாரம் ஏற்கனவே இருக்கிறது. 2013 ஏப்ரல் முதல் புதுக் கார்களில் டிரைவரின் முழங்காலருகே பரிசோதனைக்கென ஒரு துவாரம் சட்டப்படி வந்துவிட்டது. மலிவான கருவியொன்றைச் செருகினாலே, அந்த க்ஷணத்தில் பொறி எத்தனை டிகிரி முன்னே விழுகிறது என்று பல கார்கள் சொல்லும். அது எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான பாஷை. ஆனால் தட்டுதலுக்கு அஞ்சி எத்தனை டிகிரி பிடித்துவைக்கப்பட்டது என்ற எண் அப்பொதுப் பாஷையில் இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் அதைத் தன் சொந்தப் பரிபாஷையில் வைத்துக்கொண்டிருக்கிறது. நாம் கேட்பது அந்த ஓர் எண்ணை. வெளியிட்டால் எந்தக் கம்பெனியின் வியாபார ரகசியமும் பறிபோய்விடாது. யாரும் அதைக்கொண்டு புகையைக் கூட்டவும் முடியாது. சர்க்கார் தன் பரிசோதனை விதிகளில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

அப்படி வெளியானால் நடக்கக்கூடியது இது. ஒரு டாக்ஸிக்காரர் ஒரு பங்க்கில் பெட்ரோல் நிரப்பி வழக்கமான மேட்டில் ஏறுகிறார். பெட்டி 8 டிகிரி பிடித்துவைத்ததாகக் கருவி காட்டுகிறது. அடுத்த முறை வேறொரு பங்க்கில் நிரப்பி அதே மேட்டில் ஏறுகிறார்; 2 டிகிரி காட்டுகிறது. பெட்ரோல்தான் குற்றவாளி. இரண்டிலும் 8 காட்டினால் குற்றம் யந்திரத்தில். கரி படிந்ததா, தண்ணீர் சூடேறுகிறதா என்று மெக்கானிக் திறந்து பார்ப்பார்.